அலமாரியில் ஒரு மோர்ட்டார்

இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் காலாட்படை தூக்கிட்டு நடந்த 2 அங்குல மோர்ட்டார், எடை 5 கிலோகூட வராது. பொதுவா மோர்ட்டார்ல குண்டை மேலேருந்து உள்ளே விட்டா, அடியில இருக்கிற ஊசியில மோதி அதுவே கிளம்பிடும். இதுல குழல் ரொம்பக் குட்டை, விழற வேகம் பத்தாது. அதனால அடிப்பகுதியில தனியா ஒரு விசை வெச்சாங்க. சேகரிக்கிறவங்களுக்கு அந்த விசை மேலதான் ஆசை!

பிரிட்டன்ல இதை வீட்ல வைக்கணும்னா, இனி சுடவே முடியாதபடி முடக்கி, ப்ரூஃப் ஹவுஸ் முத்திரையும் சான்றிதழும் வாங்கணும். முன்னாடி முடக்கினதுல பாகங்கள் ஓரளவு அசையும். இப்போதைய தரத்துல எல்லாம் வெல்டிங், வெறும் இரும்புக்கட்டை. 2017 சட்டப்படி, பழைய தரத்துல முடக்கினதை நீங்களே வெச்சுக்கலாம். ஆனா விற்கவோ பரிசாக் கொடுக்கவோ முடியாது. புதுத் தரத்துக்கு மாத்தியாகணும். அருங்காட்சியகத்துக்கு விலக்கு உண்டு. 'வரலாற்றைக் காப்பாத்தறதுக்கு அதையே வெட்டணுமா?'ன்னு புலம்பறாங்க. எனக்கு அந்தப் புலம்பல் நியாயமாத்தான் படுது.

குண்டு விஷயம் வேற. பரண்ல துருப்பிடிச்ச மோர்ட்டார் குண்டு கிடைச்சா, ஷோகேஸுக்கு அழகா இருக்கும்னு துடைக்க உட்காராதீங்க. உள்ளே மருந்து இருக்கான்னு வெளியிலிருந்து சொல்ல முடியாது. தொடாம வெளியே வந்து போலீஸைக் கூப்பிடுங்க.