அடுப்புக்கு ஏற்ற சட்டி, வழிக்கு ஏற்ற தூக்கு

(மாணவர் மலை முகாமுக்கு முன்னதாக நடந்த பெற்றோர், மாணவர் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



 

இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் 24 பிள்ளைகள் ஏற்காட்டுக்குப் போகிறார்கள். முதல் நாள் காப்பித் தோட்டம் ஒன்றில் தங்கி, விறகு அடுப்பில் தாங்களே சமைத்துச் சாப்பிடுவார்கள். இரண்டாம் நாள் மலைப்பாதையில் நடை. தொழுகை, பாதுகாப்பு பற்றியெல்லாம் மற்றவர்கள் பேசிவிட்டார்கள். என்னிடம் விடப்பட்டது பாத்திரம். "சட்டி பானையைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா?" என்று சிலர் சிரிக்கக் கூடும். போன வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வருட முகாமில் என்ன நடந்தது என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு நானே சொல்லிவிடுவதுதான் நியாயம். வாடகைப் பணம் மிச்சமாகட்டும் என்று, நம் பாத்திர அறையில் கிடந்த செம்புத் தேக்சாவை நான்தான் வண்டியில் ஏற்றச் சொன்னேன். ஒரு தாயார் தம் மர்ஹூம் கணவர் பெயரைப் பொறித்து வக்ஃபாகத் தந்தது அது. உள்ளே ஈயப்பூச்சு பல இடங்களில் தேய்ந்து செம்பு தெரிந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவு அதில் மாங்காயும் புளியும் போட்டுத் தால்சா வைத்தோம். மிஞ்சியதை அதிலேயே மூடி வைத்தோம். காலையில் சூடாக்கிப் பரிமாறினோம்.

ஒரு பிள்ளை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "மாமா, ஒரு மாதிரி கசக்குது" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உணவை வீணாக்கக் கூடாது, சாப்பிடு" என்றேன். அரைமணி நேரத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்று வலியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டார்கள்?" இரண்டாவது கேள்வி, "எந்தப் பாத்திரத்தில் வைத்திருந்தீர்கள்?" அல்ஹம்துலில்லாஹ், மாலைக்குள் எல்லோரும் தேறினார்கள். ஆனால் அந்தப் பிள்ளையிடம் நான் சொன்ன வார்த்தை இன்றும் என்னை உறுத்துகிறது. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதில்லை. பிடித்தால் உண்பார்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று மதரஸாவில் ஓதியவன் நான். விட்டுவிடுவதும் நபிவழி என்பது அன்று என் நினைவுக்கு வரவில்லை. வீண்விரயம் ஆகாது என்பது சட்டம்தான். கெட்டுப்போனதைப் பிள்ளையின் வயிற்றில் கொட்டச் சொல்வது அந்தச் சட்டத்தில் இல்லை.

அதனால் ஒவ்வொரு உலோகத்தையும் பற்றி, விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் செம்பு. சூட்டை வேகமாகவும் சமமாகவும் பரப்புவதில் செம்புக்கு நிகரான சட்டி இல்லை. பண்டாரிகள் பிரியாணிக்கு அதைத் தேடுவது சும்மா இல்லை. ஆனால் புளி, எலுமிச்சை, தக்காளி, தயிர், மாங்காய் ஆகியவை வெறும் செம்பில் பட்டால் செம்பு கரைந்து உணவில் இறங்கும். அதைத் தடுக்கத்தான் உள்ளே ஈயம் பூசுகிறோம். இங்கே ஒரு சொல்லில் கவனம் வேண்டும். தமிழில் ஈயம் என்றால் இரண்டு உண்டு. பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் நஞ்சு; அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். விலை குறைவு என்பதற்காகச் சிலர் இரண்டையும் கலந்து பூசிவிடுகிறார்கள். பூசிய பிறகு கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே வெள்ளீயத்தை ரசீதுடன் நாமே வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் இருந்து பூசச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உள்ளே தண்ணீரோ சோறோ இருக்கும்வரை சட்டி அந்தச் சூட்டுக்குப் போகாது. வெறும் சட்டியை விறகுத் தீயில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனால் பூச்சு உருகி ஓடும். கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் கையில் கொடுக்கிற பாத்திரம் அது இல்லை.

அடுத்தது அலுமினியம். இலேசு, மலிவு, சூடு சீக்கிரம் பரவும். வெறும் சோறு வடிக்கவும், வெந்நீர் போடவும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் புளிப்பும் உப்பும் அதையும் அரிக்கும். குழம்பை அதில் இரவெல்லாம் வைக்கக் கூடாது. கழிவு உலோகத்தை உருக்கி வார்த்த, முத்திரை இல்லாத சட்டிகளில் காரீயம் இருப்பது பல நாடுகளில் சோதனையில் தெரியவந்திருக்கிறது. சந்தையில் எடைக்கு விற்கும் சட்டியை வாங்காதீர்கள். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். நன்றாகக் கனன்ற விறகுக் கங்கு அந்தச் சூட்டையும் தாண்டும். தண்ணீர் வற்றிய அலுமினியச் சட்டி அடி கோணிப்போவதும், ஓட்டை விழுவதும் அதனால்தான்.

மூன்றாவது இரும்பு. விறகு அடுப்புக்கென்றே பிறந்தது வார்ப்பிரும்பு. ஏறிய சூட்டை விடாமல் வைத்திருக்கும். எண்ணெய் தடவிப் பழக்கிய சட்டியில் முட்டை, மீன், ரொட்டி எதுவும் ஒட்டாது. ஆனால் புளிக்குழம்பு வைத்தால் அந்தப் பழக்கம் போய்விடும், குழம்பும் கறுக்கும். காய்ந்த சட்டியில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடும். கழுவினால் உடனே துடைத்து, அனலில் காட்டி, எண்ணெய் தடவ வேண்டும். எடை அதிகம் என்பதால் வண்டி போகும் இடம்வரைதான் அது நமக்குத் துணை. மண்சட்டிக்கும் அதே கதைதான். குழம்புக்கு அதைப்போல ஒன்று இல்லை. ஆனால் 24 பிள்ளைகள் ஏறி இறங்கும் வேனில் அது முழுதாக ஊர் போய்ச் சேராது.

நான்காவது எவர்சில்வர். புளிப்புக்கும் உப்புக்கும் அசையாது. இரவு வைத்தாலும் ருசி மாறாது. குறை என்னவென்றால், சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்தில் பதினைந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. தீ படுகிற இடம் மட்டும் காய்ந்து, அங்கே கஞ்சி அடிபிடிக்கும். அதனால் தடித்த அடி உள்ளதாக எடுக்க வேண்டும். தீயைக் குறைத்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒட்டாத பூச்சு போட்ட நான்ஸ்டிக் சட்டியை யாரும் வீட்டிலிருந்து எடுத்து வராதீர்கள். 260 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு கெட ஆரம்பிக்கும். விறகுத் தீயைத் திருகிக் குறைக்க நம்மிடம் குமிழ் கிடையாது. பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள எதுவும் வேண்டாம்.

இதையெல்லாம் வைத்து இந்த வருடம் நாங்கள் முடிவு செய்தது இதுதான். கஞ்சிக்கு 2 கிலோ அரிசி, அரை கிலோ பாசிப்பருப்பு, சுமார் 20 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். பொங்கி வழியாமல் கிளற இடம் வேண்டும் என்பதால் 30 லிட்டர் எவர்சில்வர் அண்டா ஒன்று. சோறு வடிக்க முத்திரையுள்ள கனமான அலுமினியத் தேக்சா ஒன்று. குழம்புக்கு எவர்சில்வர் சட்டி. பொரிக்கவும் ரொட்டி சுடவும் இரும்புச்சட்டி ஒன்று, கல் ஒன்று. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மூடி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறத்தாழ 1 டிகிரி குறையும். அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனால் பருப்பு வேக நேரம் ஆகும். மூடி இல்லாத சட்டி அங்கே விறகைத்தான் தின்னும். கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப்போடுங்கள்.

அடுப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சட்டி ஆடாமல் உட்கார மூன்று கல் போதும். ஓடையில் கிடக்கும் ஈரக்கல்லை எடுக்காதீர்கள். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, கல் வெடித்துச் சிதறும். சட்டியை ஏற்றுவதற்கு முன் அடியிலும் பக்கத்திலும் சாம்பலையோ மண்ணையோ குழைத்துப் பூசிவிடுங்கள். கரி அதில் பிடிக்கும். கழுவும்போது பூச்சோடு போய்விடும். நம் வீட்டுப் பெரியம்மாக்கள் செய்ததுதான். விறகு நாம் கொண்டுபோகும் சவுக்கு மட்டும். வழியில் கிடைத்த குச்சியை ஒடித்துப் போடாதீர்கள். அரளியின் குச்சியும் நஞ்சு, அதன் புகையும் நஞ்சு. சமைப்பது எரியும் கொழுந்தில் அல்ல, கங்கில் என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது இரண்டாம் நாள் நடை. "மலையில் சமைக்க இலேசான சட்டி எது?" என்று பல பிள்ளைகள் கேட்டார்கள். என் பதில், எதுவும் இல்லை. நாம் நடக்கப் போகும் பாதை வனத்துறை அனுமதியோடு போகிற காட்டுப்பாதை. அங்கே தீ மூட்டக் கூடாது, அது சட்டம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை மறக்க முடியாது. ஹஜ்ஜுக்குப் போன பெரியவர்களுக்கு 1997 ஏப்ரல் 15 நினைவிருக்கும். மினாவில் கூடாரங்களில் தீ பரவி 343 ஹாஜிகள் மரணமடைந்தார்கள். அதற்குப் பிறகுதான் தீப்பிடிக்காத கூடாரங்கள் வந்தன. காய்ந்த புல்லுக்கும் துணிக்கும் ஒரு பொறி போதும். தூங்கப் போகுமுன் நெருப்பை அணைத்துவிடும்படியும், பாத்திரங்களை மூடிவைக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். முகாமிலும் இஷாவுக்குப் பிறகு தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துப் பார்த்துச் சூடு இல்லை என்று உறுதி செய்த பிறகே படுக்க வேண்டும்.

ஆகவே நடைக்கு வேண்டியது சமைக்கிற சட்டி இல்லை, சுமக்கிற தூக்கு. விடியற்காலையில் தோட்டத்திலேயே புளிச்சோறு கிண்டி, ஆறவைத்து, எவர்சில்வர் தூக்கில் கட்டிக்கொள்வோம். அதே அளவு, அதே கனத்தில் அலுமினியத்தைவிட எவர்சில்வர் மூன்று மடங்கு எடை. ஆனாலும் புளிச்சோற்றுக்கு அதுதான். நாலு பேருக்கு ஒரு தூக்கு. முறைவைத்துச் சுமந்தால் யாருக்கும் பாரமில்லை. மூடி இறுக்கமாக இருக்கிறதா, பிடி கழன்று வராதா என்று வீட்டிலேயே தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பாருங்கள்.

பயணத்தில் மூன்று பேர் இருந்தாலே ஒருவரை அமீராக்கிக்கொள்வது சுன்னத். நாங்கள் ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அமீரை வைக்கிறோம். சமைக்குமுன் சட்டியின் உட்புறத்தைப் பார்ப்பது அவர் முதல் வேலை. எந்தப் பிள்ளையாவது "ருசி மாறியிருக்கிறது" என்றால் பரிமாறுவதை உடனே நிறுத்துவது இரண்டாவது வேலை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாமா சாப்பிடச் சொன்னார் என்று யாரும் சாப்பிட வேண்டாம்.

பெற்றோர்களே, அந்தச் செம்புத் தேக்சா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வக்ஃப் பொருளைத் தூக்கி எறிய நமக்கு உரிமை இல்லை. தேய்ந்த நிலையில் பயன்படுத்தவும் உரிமை இல்லை. வெள்ளீயம் வாங்கிக் கொடுத்து புதிதாகப் பூசி, பூசிய தேதியைக் கழுத்தில் பொறித்திருக்கிறோம். ஏழைகளின் கல்யாணத்துக்கு இரவல் போகும்போது பண்டாரியிடம் நேரில் ஒப்படைத்து, வந்தவுடன் உட்புறம் பார்த்து வாங்குகிறோம். உங்கள் வீட்டுப் பரணிலும் செம்பு, பித்தளைச் சட்டிகள் இருக்கும். நோன்புக்கு முன் இறக்கிப் பாருங்கள். பூச்சு தேய்ந்திருந்தால் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள்; எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நாளில் பூச ஏற்பாடு செய்கிறோம். வசதியில்லாதவர்களுக்குச் செலவை அறக்கட்டளை ஏற்கும்.

பிள்ளைகளை அமானிதமாக ஒப்படைக்கிறீர்கள். அந்த அமானிதம் சட்டியின் அடிவரை போகிறது என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. போகிற பயணத்தை அல்லாஹ் இலேசாக்கி, பிள்ளைகளை நலமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.