நைரோபியின் மட்டாட்டு வரைபடமும் போக்குவரத்துத் தொழிலாளர்களும்

(கட்சி ஊழியர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கென்யாவின் தலைநகர் நைரோபியில் 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 44 லட்சம் மக்கள் வாழ்கின்றனர். அந்நகரின் பயணங்களில் ஐந்தில் இரண்டு பங்கு கால்நடையாகவே நடப்பதாக மதிப்பீடுகள் கூறுகின்றன. காசு கொடுத்து வண்டியேற முடிந்த உழைக்கும் மக்களுக்கு உள்ள ஊர்தி மட்டாட்டு எனப்படும் தனியார் சிற்றுந்து. ஆயினும் 2014 ஜனவரி வரை, இவ்வண்டிகள் எந்தத் தெருக்களின் வழியே செல்கின்றன, எங்கெங்கே நிற்கின்றன என்பதைக் காட்டும் முழுமையான வரைபடம் அரசிடம் இல்லை. மாநகர நிர்வாகத்திடமும் இல்லை. அலுவலகத்தில் வழித்தட எண்களின் பட்டியல் இருந்தது. சாலையில் வண்டிகள் அந்தப் பட்டியலின்படி ஓடவில்லை. ஓட்டுநரும் நடத்துனரும் பயணிகளும் நாள்தோறும் அறிந்திருந்த ஒன்றை அரசு மட்டும் அறியாதிருந்தது.

இந்த அறியாமைக்கு ஒரு வரலாறு உண்டு. நைரோபி 1899இல் உகாண்டா ரயில்பாதையின் முகாமாகத் தோன்றிய ஊர். அப்பாதையை அமைக்க பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகள் கொண்டு செல்லப்பட்டனர். ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மடிந்தனர். 1934இல் லண்டன் கம்பெனி ஒன்று நகரப் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது. விடுதலைக்குப் பின்னரும், 1966இல், அதே நிறுவனத்துக்கே நகரப் பேருந்துச் சேவையின் ஏகபோக உரிமை அளிக்கப்பட்டது. மாநகராட்சிக்குக் கிடைத்தது கால் பங்கு மட்டும். கம்பெனிப் பேருந்து எட்டாத கிழக்குக் குடியிருப்புகளிலிருந்து மக்களை ஏற்றிவந்தவை உரிமமற்ற பழைய வண்டிகள். மூன்று பத்து சென்ட் நாணயங்கள் கட்டணம். சுவாஹிலியில் 'டாட்டு' என்றால் மூன்று. மட்டாட்டு என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

1973இல் அதிபர் ஜோமோ கென்யாட்டா, இவ்வண்டிகள் உரிமமின்றியே ஓடலாம் என அறிவித்தார். ஏழையின் தொழிலுக்குக் கிடைத்த அங்கீகாரமாக இது கொண்டாடப்பட்டது. மக்களை ஏற்றிச் செல்லும் பொறுப்பை அரசு கைகழுவத் தொடங்கியதும் அந்த நாளில்தான். 1986இல் தொடங்கிய நியாயோ என்ற அரசுப் பேருந்துச் சேவை பத்தாண்டு முடிவதற்குள் நிர்வாகச் சீர்கேட்டில் மூழ்கியது. கட்டமைப்புச் சீரமைப்பு என்ற பெயரில் உலக வங்கியும் சர்வதேச நிதியமும் பொதுச் செலவை வெட்டச் சொன்ன காலம் அது. பழைய கம்பெனியை 1991இல் வாங்கிய ஸ்டேஜ்கோச் என்ற பிரிட்டிஷ் நிறுவனமும் 1998இல் அதை விற்றுவிட்டு வெளியேறியது. தெருவில் எஞ்சியது மட்டாட்டு.

இனி வரைபடத்துக்கு வருவோம். 2012இல் நைரோபிப் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், குரூப்ஷாட் என்ற சிறு நிறுவனம் ஆகியவை சேர்ந்து 'டிஜிட்டல் மட்டாட்டு' என்ற திட்டத்தைத் தொடங்கின. வழிமுறை எளிது. நைரோபி மாணவர்கள் கைப்பேசியுடன் ஒவ்வொரு வழித்தடத்திலும் ஏறி அமர்ந்து, வண்டி நிற்கும் ஒவ்வோர் இடத்தையும் பதிவு செய்தனர். 130க்கும் மேற்பட்ட வழித்தடங்கள் இவ்வாறு கணக்கில் வந்தன.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. உலகெங்கும் பேருந்துத் தகவல்களைப் பதிய ஜிடிஎஃப்எஸ் என்ற ஒரு வடிவம் பயன்படுகிறது. 2005இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து அமைப்பும் கூகுளும் உருவாக்கியது. கால அட்டவணை உண்டு, நிறுத்தம் நிலையானது என்ற அனுமானத்தில் எழுந்தது அது. மட்டாட்டுவுக்கு அட்டவணை ஏது? வண்டி நிறைந்தால் புறப்படும். நிறுத்தத்திலும் நிற்கும், கை காட்டிய இடத்திலும் நிற்கும். ஆகவே அறிவிக்கப்பட்ட நிறுத்தம் எது, மக்கள் பழக்கத்தால் உருவான நிறுத்தம் எது என்று வேறுபடுத்திக் காட்டும் வகையில் அந்த வடிவத்தை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. பணக்கார நாட்டின் அளவுகோலில் பொருந்தாததை 'ஒழுங்கற்றது' என ஒதுக்கும் வழக்கத்துக்கு மாறாக, அளவுகோலே திருத்தப்பட்டது. இது மெச்சத்தக்கது.

தாளில் அச்சான வரைபடத்தைப் பார்த்த ஓட்டுநர்களும் உரிமையாளர்களும் ஒன்றை உடனே கண்டுகொண்டனர்: ஏறத்தாழ எல்லாக் கோடுகளும் நகர மையத்தில் போய் முட்டுகின்றன. கிழக்கிலிருந்து மேற்கே வேலைக்குச் செல்பவர் மையத்தில் இறங்கி, நடந்து, வேறு வண்டி பிடிக்கிறார். இரண்டு கட்டணம் செலுத்துகிறார். குறுக்கு வழித்தடங்கள் வேண்டும் என்ற பேச்சு அந்தப் பட்டறைகளிலேயே எழுந்தது.

2018 டிசம்பர் 3 அன்று நைரோபி கவர்னர் மட்டாட்டுகள் நகர மையத்துக்குள் நுழையத் தடை விதித்தார். வண்டிகள் விளிம்பிலுள்ள முத்துர்வா, ங்காரா போன்ற முனையங்களிலேயே நின்றுவிட்டன. ஆயிரக்கணக்கான மக்கள் வேலைக்கு நடந்தனர். முதியோரும் நோயாளிகளும் நடந்தனர். எதிர்ப்பு வெடித்ததும் தடை நிறுத்திவைக்கப்பட்டது. கோடுகள் எல்லாம் மையத்தில் முட்டுவதைக் காட்டிய வரைபடம் வெளியாகி அப்போது ஏறக்குறைய ஐந்தாண்டு ஆகியிருந்தது. அந்த உத்தரவில் வரைபடத்தின் சுவடு எதையும் காண முடியவில்லை.

வரைபடத்தால் பயனடைந்தவர் யார் என்ற கேள்வி இங்கே எழுகிறது. திட்டத்துக்கு நிதி தந்தது ராக்ஃபெல்லர் அறக்கட்டளை. தரவுகள் இலவசமாக வெளியிடப்பட்டன. 2015இல் கூகுள் தன் வரைபடச் சேவையில் மட்டாட்டு வழித்தடங்களைச் சேர்த்துக்கொண்டது. தரவு எல்லோருக்கும் பொதுவாக இருப்பதில் பிழையில்லை. ஆனால் வழித்தடங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. மாணவர்கள் ஒருமுறை எடுத்த கணக்கு சில ஆண்டுகளில் பழசாகும். அதை ஆண்டுதோறும் புதுப்பிப்பது அறக்கட்டளையின் தயவில் நடக்கக்கூடிய வேலையன்று. ஒரு பொதுப் போக்குவரத்து நிர்வாகத்தின் கடமை.

வரைபடம் கட்டணத்தையும் காட்டவில்லை. மழை பெய்தால் கட்டணம் ஏறும். மாலை நெரிசலில் ஏறும். இதற்கு நடத்துனரின் பேராசையே காரணம் எனப் பத்திரிகைகள் எழுதுவது வழக்கம். உண்மை நிலை வேறு. வண்டியின் உரிமையாளர் அன்றாடம் தமக்குச் சேர வேண்டிய தொகையை நிர்ணயிக்கிறார். எரிபொருள், ஸ்டேஜில் கொடுக்கும் பணம், காவலருக்கு லஞ்சம் எல்லாம் போக மிஞ்சுவதே ஓட்டுநர், நடத்துனரின் கூலி. உரிமையாளர்களில் காவல் அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் இருப்பது நைரோபியில் ஊரறிந்த செய்தி. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் விரட்டி ஓட்ட வேண்டும். கூடுதலாக ஏற்ற வேண்டும். விடியுமுன் தொடங்கி இரவுவரை உழைக்க வேண்டும்.

2004இல் போக்குவரத்து அமைச்சர் ஜான் மிச்சுகி கடும் விதிகளை நடைமுறைப்படுத்தினார்: மணிக்கு 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு, இருக்கைப் பட்டை, சிறு வண்டிக்கு 14 பயணிகள், ஊழியருக்குச் சீருடை, வண்டியைச் சுற்றி மஞ்சள் பட்டை. ஊழியர்களை நிரந்தரமாகப் பணியமர்த்த வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. மஞ்சள் பட்டை இல்லாத வண்டி சாலையில் மடக்கப்பட்டது. நிரந்தரப் பணி இல்லாத நடத்துனருக்காக எந்த உரிமையாளரும் மடக்கப்படவில்லை. நாள் தொகை முறை அப்படியே தொடர்ந்தது.

நைரோபியின் போக்குவரத்துத் தொழிலாளர் இயக்கத்துக்கு நீண்ட மரபு உண்டு. 1949இல் உருவான கிழக்கு ஆப்பிரிக்கத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவர் ஃபிரெட் குபாய், போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்தவர். அதன் பொதுச் செயலாளர் மக்கான் சிங், பஞ்சாபில் பிறந்தவர், இந்தியாவில் பிரிட்டிஷ் சிறையில் இருந்தவர், கம்யூனிஸ்ட். 1950இல் நைரோபிப் பொதுக்கூட்டத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு முழு விடுதலை கோரினார். அடுத்த மாதமே இருவரும் கைது செய்யப்பட, நகரில் பொது வேலைநிறுத்தம் வெடித்தது. மக்கான் சிங் 1961 வரை காவலில் வைக்கப்பட்டார்.

இன்று மட்டாட்டு தொழிலாளர்களிடையே சங்கங்கள் உள்ளன. நைரோபியில் விரைவுப் பேருந்துத் தடங்கள் திட்டமிடப்பட்டபோது, சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் இச்சங்கங்களின் துணையோடு ஓர் ஆய்வை நடத்தியது. மாணவர்கள் நிறுத்தங்களைக் கணக்கிட்டது போல, இங்கே வேலைகள் கணக்கிடப்பட்டன: ஓட்டுநர், நடத்துனர், ஸ்டேஜில் ஆள் கூவி ஏற்றுபவர், கணக்கெழுதுபவர், இரவில் வண்டி கழுவுபவர், பழுது பார்ப்பவர், நிறுத்தத்தில் தேநீர் விற்கும் பெண். புதிய பேருந்துகள் ஓடத் தொடங்கும்போது இவர்களில் எத்தனை பேருக்கு வேலை, மாதச் சம்பளம் உண்டா, ஒப்பந்தம் யாருடன் என்பவையே இப்போது அச்சங்கங்கள் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுசெல்லும் கேள்விகள்.