சட்டத்தாற் கொல்ல முடியாத மொழி

(இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சட்டம் பயின்றவன் என்ற முறையில் விசித்திரமான வழக்கொன்றை இன்று உங்கள் முன் வைக்கிறேன். அது உக்ரேனிய மொழியின் வழக்கு.

1863ஆம் ஆண்டில் ருஷ்ய சாம்ராச்சியத்தின் உள்நாட்டு மந்திரி வலூயெவ் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். இப்படி ஒரு தனிமொழி இருந்ததுமில்லை, இருக்கவுமில்லை, இருக்கவும் முடியாது என்ற கருத்து அதில் இடம்பெற்றது. அம்மொழியிற் சமய நூல்களும் பாடநூல்களும் அச்சாவது தடுக்கப்பட்டது. 1876இல் இரண்டாம் அலெக்சாந்தர் சக்கரவர்த்தி, ஜெர்மனியிலுள்ள எம்ஸ் நகரிலிருந்து இன்னுங் கடுமையான கட்டளை பிறப்பித்தார். வெளிநாட்டில் அச்சான உக்ரேனிய நூல்களின் இறக்குமதி, மொழிபெயர்ப்பு, மேடை நாடகம், இசைக்குறிப்போடு பாடல் அச்சிடுதல் யாவும் தடையுண்டன.

நான் கேட்கிறேன்: இல்லாத மொழியைத் தடுக்கச் சட்டம் எதற்கு? எதிராளியின் வாக்குமூலத்திலும் வலிய சான்று எந்த நீதிமன்றத்தில் உண்டு?

இலக்கணத்தின் சாட்சியத்தையுங் கேளுங்கள். நம் இலக்கண நூலார் எட்டாம் வேற்றுமையாக வகுத்த விளி, உக்ரேனியத்தில் ஏழாம் வேற்றுமையாக இன்றும் வாழ்கிறது. சகோதரன் 'பிராத்'; அவனை அழைத்தால் 'பிராதே'. அன்னை 'மாமா', அழைக்கும்போது 'மாமோ'. ருஷ்ய மொழியிலோ இவ்வேற்றுமை பெரும்பாலும் வழக்கொழிந்தது. இரவை ருஷ்யர் 'நோச்' என்பர். உக்ரேனியர் 'நிச்' என்பர். ருஷ்யர் மாதங்களுக்கு லத்தீன் வழிவந்த பெயர்களைக் கொண்டனர். உக்ரேனியர் ஆகஸ்ட் மாதத்தை அரிவாளின் பெயரால் 'சேர்ப்பென்' என்றும், நவம்பரை இலையுதிர்வு எனப் பொருள்படும் 'லிஸ்தொபாத்' என்றும் வழங்குகின்றனர். வயலிலே பிறந்த பெயர்கள் இவை!

அவ்வயலிலிருந்தே அதன் மகாகவியும் வந்தான். 1814இற் பண்ணை அடிமையாகப் பிறந்த தராஸ் ஷெவ்சென்கோ, 1838இல் விலைகொடுத்து மீட்கப்பட்டான். 1840இல் 'கொப்சார்' என்னும் கவிதை நூலை வெளியிட்டான். 1847இற் கைதாகிப் படைவீரனாக நாடு கடத்தப்பட்டபோது, எழுதவும் வரையவும் கூடாதென மன்னனே தடைவிதித்தான். கவிஞனோ சிறு ஏடுகளில் எழுதிச் சப்பாத்தினுள் மறைத்து வைத்தான்.

தடையின் எல்லைக்கு அப்பால், ஒஸ்திரிய ஆட்சியிலிருந்த லிவிவ் நகரம் உக்ரேனிய அச்சகங்களுக்குப் புகலிடமாயிற்று. 1905இற் சென் பீற்றர்ஸ்பேர்க் விஞ்ஞானக் கழகமே இது தனிமொழி என்றும், தடைகளை நீக்குக என்றும் கூறிற்று. பொதுவுடைமை ஆட்சி 1920களில் இம்மொழியை வளர்த்தது, 1930களில் ஒடுக்கியது. 1933இல் அதன் நெடுங்கணக்கிலிருந்தே ஓர் எழுத்தை நீக்கியது. அவ்வெழுத்து 1990இல் மீண்டும் வந்து சேர்ந்தது.

1989ஆம் ஆண்டுச் சட்டம் உக்ரேனியத்தை அரச மொழியாக்கியது. 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை அதை உறுதிசெய்ததோடு, ருஷ்ய மொழிக்கும் ஏனைய சிறுபான்மை மொழிகளுக்கும் பாதுகாப்பு வாக்களித்தது. அவ்வாக்கு எவ்வளவு காக்கப்படுகிறது என்பது அங்கே இன்றும் வாதத்துக்குரிய விடயம். ஆயினும் அவ்வாக்கு எழுதப்பட்டிருப்பது அவசியம். தடையின் கொடுமையை அனுபவித்த மொழிக்குப் பிற மொழிகளைக் காக்கும் கடன் இரட்டிப்பாகும்.

நண்பர்களே! சட்டம் அச்சகத்தைப் பூட்டலாம். தாலாட்டைப் பூட்ட அதற்கு வலிமையில்லை. குடியானவன் பேசினான், தாய் பாடினாள், கவிஞன் ஒளித்து எழுதினான்; மொழி வென்றது.