மருந்துக் கழிவும் நம் மக்களும்
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மேடையில் மருந்துக் கழிவைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். மருத்துவர் பேச வேண்டியதைப் பள்ளி ஆசிரியர் பேசலாமோ என்றும் வினவக்கூடும். அக்கழிவைக் கையால் அள்ளுவோரில் பெரும்பாலோர் எந்தத் தெருக்களிலிருந்து செல்கின்றனர் என்பதை இவ்வவை நன்கறியும். ஆதலின் இது நமக்குரிய பொருளே.

2010 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னையில் வெளிப்பட்ட காலாவதி மருந்து மோசடியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அழித்தொழிக்க வேண்டிய மருந்துகள் கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் அட்டையோடு கிடந்தன. அவை பொறுக்கப்பட்டுக் கைமாறி, பழைய தேதி அழிக்கப்பட்டுப் புதிய தேதி பொறிக்கப்பட்டு, மீண்டும் கடைகளுக்கே சென்றன என்பது காவல்துறை விசாரணையில் தெரியவந்தது. அன்று குப்பை பொறுக்குவோரைப் பழித்தவர் பலர். மருந்தை முழுதாகக் கொட்டியவர் யார் என்று கேட்டவர் சிலரே. வயிற்றுப்பாட்டுக்குக் குப்பை கிளறுபவன் கையில் மாத்திரை அட்டை சிக்குமாறு விட்டவன் குற்றமே பெரிதென்பது எம் கருத்து.

சட்டம் இல்லாமல் இல்லை. மருத்துவக் கழிவுக்கென 1998 இல் விதிகள் வந்தன. 2016 இல் அவை புதுக்கப்பட்டன. அவ்விதிகளின்படி காலாவதியான மருந்தும் வேண்டாமென ஒதுக்கிய மருந்தும் மஞ்சள் பைக்குரியவை. அவற்றை உற்பத்தியாளருக்குத் திருப்பியனுப்ப வேண்டும். அன்றேல் எரியுலையில் எரிக்க வேண்டும். புற்றுநோய்க்குத் தரும் நச்சுமருந்துகளாயின் 1200 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். சாதாரண நெருப்பில் அவை முற்றும் அழியா. முற்றத்தில் குவித்துத் தீ வைப்பது புகையாக நம் நெஞ்சுக்குள் அதனை அனுப்புவதேயாம். ஊசிகள் துளைபடாத வெள்ளைக் கலத்துக்கும், குழாய் முதலிய பிளாஸ்டிக் பொருள்கள் சிவப்புப் பைக்கும், கண்ணாடி நீலப் பெட்டிக்கும் உரியவை. சுத்திகரிக்காத உடலுறுப்புக் கழிவு முதலியவற்றை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது.

சாக்கடையில் ஊற்றிவிட்டால் தீர்ந்தது என்பாரும் உளர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நீரில் கலந்தால், அதனை எதிர்த்து வாழக் கிருமிகள் பழகிக்கொள்கின்றன. பின்னர் நோயுற்றவனுக்கு அதே மருந்து பயன்படாமற் போகும்.

இவ்விதிகளில் நம் மக்கள் அதிகம் அறியாத பகுதி ஒன்றுண்டு. எம் உரையின் கருவும் அதுவே. கழிவைக் கையாளும் பணியாளருக்கு மஞ்சள் காமாலை பி வகைக்கும் இரண ஜன்னிக்கும் தடுப்பூசி போடுவது மருத்துவமனையின் கடமை. ஆண்டுக்கொரு முறையேனும் பயிற்சியும் உடற்பரிசோதனையும் தரவேண்டும். கையுறை முதலிய காப்புடைகள் தரவேண்டும். ஊசி குத்திய விபத்தைப் பதிவு செய்யவேண்டும். பி வகைக் கிருமியுள்ள ஊசி, தடுப்பூசி பெறாதவரைக் குத்தினால் நூற்றுக்கு முப்பது பேர் வரை நோயுறக்கூடும். ஒப்பந்தக்காரரின் ஆளென்று சொல்லி இவற்றைத் தட்டிக்கழிக்க இடமில்லை; கழிவைக் கையாளும் எவருக்கும் இது பொருந்தும். நமக்குத் தெரிந்த அம்மையார் ஒருவர், ஊசி குத்திய விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு, வேலை போய்விடுமென அஞ்சி ஒருவரிடமும் சொல்லவில்லை. கேட்டால், "இதெல்லாம் எங்களுக்கு எழுதியதா ஐயா?" என்றார். எழுதியேயிருக்கின்றது. படித்துச் சொல்ல ஆளில்லை.

கேரளத்து மருத்துவக் கழிவு 2024 டிசம்பரில் நெல்லை மாவட்டத்து நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பகுதிகளில் கொட்டப்பட்டபோது, பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட, அது லாரிகளில் திருப்பியெடுத்துச் செல்லப்பட்டது. ஊர்மக்கள் வாய் திறந்ததால் நிகழ்ந்தது அது.

நம் திருவண்ணாமலைக்கு வருவோம். கார்த்திகைத் தீபத்துக்கும் பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதைக்கும் வரும் கூட்டம் நீங்கள் காணாததன்று. மருத்துவ முகாம்கள் இடப்படுவதும், மறுநாள் விடியுமுன் துடைப்பத்தோடு நம்மவர் இறங்குவதும் வழக்கம். மருத்துவ முகாம், தடுப்பூசி முகாம், இரத்ததான முகாம் ஆகியவையும் 2016 விதிகளுக்கு உட்பட்டனவே. மிஞ்சிய மாத்திரையும் ஊசியும் வழிப்போக்கர் எறிந்த வாழையிலையோடு சேர்வது விதிமீறலாகும்.

சங்கம் அடுத்த திங்கள் நடத்தவிருக்கும் இலவச முகாமில் மஞ்சள் பையும் வெள்ளைக் கலமும் முதலில் வைக்கப்படட்டும். எஞ்சிய மருந்து எத்தனை, யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதை ஒரு பதிவேட்டில் நம் பட்டதாரி இளைஞர் எழுதட்டும். மருத்துவமனையில் தூய்மைப் பணி செய்யும் பெற்றோரையுடைய மாணவர்கள் இன்றிரவே அவர்களிடம் தடுப்பூசி போடப்பட்டதா, எத்தனை தவணை என்று கேட்டு வாருங்கள். போடப்படாதோர் பெயர்ப்பட்டியலோடு மனு எழுதித் தரும் பொறுப்பை நாமே ஏற்கின்றோம்.