'மாற்று ஆதாரம் இல்லாத நிலையில்'

(கொல்கத்தா வாழ் தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

'குடிநீரும் வேதியியலும்' என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறீர்கள். நான் வேதியியல் பயின்றவன் அல்லன், தமிழ் பயின்றவன். கட்சி ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் பணி. பிறர் எளிதாகக் கடந்து செல்லும் சிறு சொற்றொடரில் மொழிபெயர்ப்பாளன் நின்றுவிடுவான். அத்தகைய ஒரு சொற்றொடரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012ஆம் ஆண்டில் குடிநீருக்கான தர அட்டவணையை வெளியிட்டது. அதில் பல பொருள்களுக்கு இரண்டு எண்கள் தரப்பட்டுள்ளன. முதல் எண், ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது எண், 'மாற்று ஆதாரம் இல்லாத நிலையில்' அனுமதிக்கத்தக்க அளவு. கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம். மாற்று இல்லையெனில் 2000. புளோரைடு 1 மில்லிகிராம். மாற்று இல்லையெனில் 1.5. ஆர்சனிக் 0.01 மில்லிகிராம், மாற்று இல்லையெனில் 0.05. அதாவது ஐந்து மடங்கு.

நஞ்சு, குடிப்பவனுக்கு வேறு கிணறு உண்டா என்று கேட்டு வேலை செய்வதில்லை. அப்படியிருக்க, இரண்டாவது எண் யாருக்காக எழுதப்பட்டது? இக்கேள்விக்கு விடை காண நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் இந்த வங்க மண்ணே போதும்.

1983இல் கொல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவக் கல்வி நிறுவனத்தில் தோல் மருத்துவர் கே.சி. சாகா ஒரு புதிரை எதிர்கொண்டார். கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் உடலெங்கும் மழைத்துளி தெறித்தாற்போன்ற கரும்புள்ளிகள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடித்த முடிச்சுகள். அது தொழுநோய் அன்று, தொற்றுநோயும் அன்று. அவர்கள் குடித்த குழாய்க்கிணற்று நீரில் இருந்த ஆர்சனிக்கே காரணம் என்று அவர் கண்டறிந்தார். நம் சித்த மருத்துவத்தில் வெள்ளைப் பாடாணம் என்று பெயர் பெற்றிருப்பது இதன் சேர்மம்தான். நீரில் கலந்தால் நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தாலும் அகலாது. நீர் ஆவியாகக் குறையுமேயன்றி நஞ்சு குறையாது. நெடுங்காலம் குடித்தவருக்குத் தோலிலும் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்றுநோய் தோன்றக்கூடும்.

இந்த நஞ்சை எந்த ஆலை கொட்டியது? எந்த ஆலையும் கொட்டவில்லை. இங்கேதான் நமக்கு வேதியியல் தேவைப்படுகிறது.

இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்து படியவைத்த வண்டலில் இரும்பு, துருவின் வடிவில் கலந்திருக்கிறது. அத்துருவின் மேற்பரப்பில் ஆர்சனிக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜன் இருக்கும்வரை துரு நீரில் கரையாது, ஆர்சனிக்கும் அசையாது. ஆனால் அதே வண்டலோடு தாவர மக்கும் புதைந்துள்ளது. நுண்ணுயிர்கள் அம்மக்கை உண்ணும்போது நிலத்தடியில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அதன்பின் சில நுண்ணுயிர்கள் துருவிலுள்ள இரும்பைப் பயன்படுத்திச் சுவாசிக்கத் தொடங்குகின்றன. துரு கரைகிறது, அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக் விடுபட்டு நீரில் கலக்கிறது.

இதன் மறுதலையும் உண்மை. அடிகுழாயில் பிடித்த தெளிந்த நீர், சற்று நேரம் வைத்திருந்தால் மஞ்சளாவதைக் கண்டிருப்பீர்கள். காற்றுப் பட்டதும் கரைந்த இரும்பு மீண்டும் துருவாகிறது. ஆர்சனிக்கில் ஒரு பகுதியையும் பற்றிக்கொண்டு அடியில் படிகிறது. வடிகட்டிகள் சிலவற்றின் அடிப்படைத் தத்துவம் இதுவே. வீட்டுக் குடத்தில் இது முழுமையாக நிகழ்வதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆக, நஞ்சு இயற்கையின் வேலை. ஆனால் அதை மக்களின் குவளைக்குக் கொண்டுவந்தது இயற்கையன்று. குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கையும் காலராவையும் தடுக்கவென்று 1970களிலும் 1980களிலும் குழாய்க்கிணறுகள் பெருமளவில் தோண்டப்பட்டன. நோக்கம் நல்லதே. ஆனால் தோண்டிய நீரில் ஆர்சனிக் உண்டா என்று எவரும் சோதிக்கவில்லை. சிக்கல் தெரியவந்த பின்னரும் ஆண்டுகள் பல ஓடின. அவற்றுள் இடதுமுன்னணி ஆட்சி ஆண்டுகளும் அடங்கும். இக்கேள்வியை நாம் பிறரிடம் மட்டும் கேட்டுத் தப்பிவிட இயலாது.

ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தியும் அவருடைய குழுவினரும் இருபது ஆண்டுகள் மேற்கு வங்கத்தின் கிணறுகளைச் சோதித்தார்கள். 2009இல் அவர்கள் வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள். சோதித்த மாதிரிகள் 1,40,150. அவற்றுள் 48.1 விழுக்காட்டில் ஆர்சனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல். 23.8 விழுக்காட்டில் 0.05க்கும் மேல். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள்: 24.3 விழுக்காடு, ஏறத்தாழ 34,000 மாதிரிகள். முதல் எண்ணை அளவுகோலாகக் கொண்டால் அவை நஞ்சு. இரண்டாவது எண்ணைக் கொண்டால் குடிநீர். நான்கு கிணறுகளில் ஒன்று, சுத்திகரிப்பால் அன்று, ஒரு சொற்றொடரால் தூய்மையாகிவிடுகிறது!

'மாற்று ஆதாரம் இல்லை' என்பதாவது உண்மையா? வடக்கு 24 பர்கானா மாவட்டத்தில், ஹூக்ளிக் கரையில் பல்தா இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலிருந்தே அங்கு ஆற்றுநீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்வழியே கொல்கத்தாவுக்கு வந்துகொண்டிருக்கிறது. அதே மாவட்டத்தின் சிற்றூர்கள் ஆர்சனிக் கிணறுகளில் நீர் இறைத்தன. மாற்று ஆதாரம் கண்ணெதிரே ஓடியது. ஊரைக் கடந்து நகரத்துக்குச் சென்றது. மாவட்டங்களுக்கான ஆற்றுநீர்த் திட்டங்கள் மிகப் பிந்தியே வந்தன. ஆகவே 'இல்லாத நிலை' என்பது புவியியல் தந்த நிலையன்று. முதலீடு எங்கே செய்வது, யாருக்கு முதலில் செய்வது என்ற முடிவுகள் உருவாக்கிய நிலை.

ஆர்சனிக்குக்கான அந்தத் தளர்வு பின்னர் அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது. மகிழ்ச்சி. ஆனால் தாளில் எண் மாறியதால் கிணற்றில் நீர் மாறிவிடாது. பிற பொருள்களுக்கு அச்சொற்றொடர் அப்படியே நீடிக்கிறது.

தோழர்களே, மூன்று பணிகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, எண்ணைக் கேளுங்கள். 'நீர் நன்றாக இருக்கிறது' என்ற விடையை ஏற்காதீர்கள். எந்த நாளில், எந்தப் பொருள், எத்தனை மில்லிகிராம் என்பதை எழுத்தில் கேளுங்கள். பள்ளி, அங்கன்வாடிக் குழாய்களிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவது, முடிவை மக்கள் காணும்படி செய்யுங்கள். வங்கதேசத்தில் நச்சுக் கிணற்றுக்குச் சிவப்பும் நல்ல கிணற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். எழுத்தறியாத தாய்க்கும் அது புரிந்தது. சிவப்பு பூசிய இடத்தில் நல்ல நீர் தரும் கடமையை அரசு தட்டிக்கழிக்காமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

மூன்றாவது, பராமரிப்பைக் கோரிக்கையாக்குங்கள். வடிகட்டி திறக்கும் நாளில் மாலை போட ஆள் வருகிறது. ஊடகப் பொருளை மாற்றவும், படிந்த நச்சுக் கசடைப் பாதுகாப்பாக அகற்றவும் ஆள் வருவதில்லை. நிரந்தரத் தொழிலாளர்களும் ஆண்டுதோறும் நிதியும் இல்லாத வடிகட்டி விரைவில் வெறும் தொட்டியாகிவிடும்.

இந்த வகுப்பிலிருந்து ஒரு கேள்வியை மட்டும் உங்கள் கிளைகளுக்கு எடுத்துச் செல்லுங்கள். 'மாற்று ஆதாரம் இல்லை' என்று எந்த அதிகாரி சொன்னாலும், எந்த அட்டவணை சொன்னாலும், உடனே கேளுங்கள்: ஏன் இல்லை? எவருடைய முடிவால் இல்லை? எந்த நாளுக்குள் வரும்?