எண்ணெய்க் கசிவும் நமது மோட்டார் சைக்கிளும்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நெகிரி செம்பிலானில் பகாவ், ரந்தாவ், லிங்கி வட்டாரங்களில் பால் மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் விட்டுவிட்டன. எஞ்சிய ரப்பர் நிரைகளுக்கு நாம் நெடுந்தூரம் போகவேண்டியிருக்கிறது. ஆகவே, வெட்டுக்கத்தியைப் போலவே மோட்டார் சைக்கிளும் நமது தொழிற்கருவி ஆகிவிட்டது. கத்தியைத் தவறாமல் தீட்டுகிறோம். இஞ்சினையோ அது நின்ற பிறகுதான் திரும்பிப் பார்க்கிறோம்.

1958-இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப்பின் வழிவந்தவையே சி70, இஎக்ஸ்5 போன்ற நமது 'கப்சாய்' வண்டிகள். இவற்றின் இஞ்சின் தலையில் கேம் தண்டு சுழன்று வால்வுகளைத் திறக்கிறது. அங்கே எண்ணெய் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். அதை வெளியே விடாமல் காப்பவை இடப்பக்க வட்ட மூடி, வலப்பக்க மூடி, வால்வு சரிசெய்யும் இரண்டு சிறு மூடிகள். இவற்றின் கேஸ்கெட்டும் ரப்பர் வளையமும் சூட்டில் காய்ந்து விறைத்தால் கசிவு தொடங்கும். இந்த இஞ்சினில் இருக்கும் எண்ணெய் ஒரு லிட்டர்கூட இல்லை. சொட்டுச் சொட்டாகப் போனாலும் ஒருநாள் வற்றி, கேமும் பிஸ்டனும் தேய்ந்து, இஞ்சின் இறுகிவிடும். அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை.

சிலர் பழைய டியூபை வெட்டி வளையமாக வைக்கிறார்கள். இது கூடாது. நாம் வெட்டும் பாலில் கிடைக்கும் ரப்பர் தண்ணீரைத் தாங்கும். இஞ்சின் எண்ணெயைத் தாங்காது. எண்ணெயைக் குடித்து உப்பிப் பிதுங்கிவிடும். டியூபுக்குப் பயன்படும் பியூட்டைல் ரப்பரும் அப்படியே. அதனால்தான் 1930-களில் ஜெர்மனியில் எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பரைச் செய்தார்கள். நமது பாலையே பக்குவப்படுத்தி, எண்ணெய் தாங்கும் 'எக்கோபிரீனா' ரப்பரை மலேசிய ரப்பர் வாரியம் செய்திருப்பது நமக்கெல்லாம் பெருமை.

இனி, செய்யவேண்டியது என்ன?

முதலாவது, இஞ்சின் ஆறிய பிறகு மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்துச் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். ஈரம் முதலில் எங்கே தோன்றுகிறதோ அதுவே கசியும் இடம்.

இரண்டாவது, காற்றுப்போக்குக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புதுக் கேஸ்கெட்டையும் எண்ணெய் தள்ளிக்கொண்டு வரும்.

மூன்றாவது, பழைய கேஸ்கெட்டை உளியால் சுரண்டாதீர்கள். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதுவே எண்ணெய்க்கு வாய்க்கால்.

நான்காவது, சிலிக்கான் பசையை அள்ளிப் பூசாதீர்கள். உள்ளே பிதுங்கியது பிய்ந்து போய் எண்ணெய் வழியை அடைக்கும்.

ஐந்தாவது, போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் போதும். அதாவது, 10 சென்டிமீட்டர் ஸ்பானரின் நுனியில் 10 கிலோ எடை தொங்குகிற அளவு. அதற்கு மேல் பலம் காட்டினால் மரை அறுந்துவிடும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: இஞ்சின் தலையிலுள்ள நான்கு பெரிய நட்டுகளைத் தொடாதீர்கள். அவை மூடியை மட்டுமல்ல, சிலிண்டரையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அங்கே கசிந்தால் பட்டறைக்கே கொண்டுபோங்கள்.

தோழர்களே! ஒவ்வொருவரும் தனித்தனியே ஸ்பானர் வாங்கத் தேவையில்லை. ஒவ்வொரு கிளையும் ஒரு ஸ்பானர் பெட்டியும், வண்டிக்கு ஏற்ற அசல் கேஸ்கெட்டுகளும் பொதுவில் வாங்கி வைக்கட்டும். யார் வண்டிக்கு எப்போது எண்ணெய் மாற்றினோம் என்பதைக் கிராணிமார்கள் ஒரு புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். சில வெள்ளி கேஸ்கெட்டில் முடிவதை, இஞ்சினையே பிரிக்கும் செலவாக வளரவிடாமல் காப்போமாக!