விலைக்கு மேல் ஒரு விலை

அன்புவழிபுரத்தைச் சேர்ந்த ஒருவர், தம் மகளுக்குத் தையல் இயந்திரம் வாங்கத் திருகோணமலைப் பட்டினத்துக் கடையொன்றுக்குச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலைச்சீட்டில் 40,000 ரூபா என்றிருக்கிறது. சம்பள நாள் இன்னும் வரவில்லை. ஆதலாற் கடனட்டையை நீட்டுகிறார். "அட்டையென்றால் நூற்றுக்கு 3 ரூபா கூடும், ஐயா" என்கிறார் கடைக்காரர். மேலதிகம் 1,200 ரூபா! கையிற் காசில்லாதவருக்கே விலை கூடிவிட்டது.

இப்பணம் எதற்கு? அட்டைவழி வரும் தொகையிலே ஒரு பங்கைக் கழித்துக்கொண்டுதான் வங்கி மீதியைக் கடைக்காரருக்குக் கொடுக்கிறது. அக்கழிவு, கடைக்காரரின் வங்கி, அட்டையை வழங்கிய வங்கி, விசா, மாஸ்டர்கார்ட் போன்ற நிறுவனங்கள் ஆகியோரிடையே பங்கிடப்படுகிறது. அரிசியும் சீனியும் விற்பவரின் இலாபமோ சொற்பம். "அதிலும் இது போனால் எனக்கு மிஞ்சுவது யாது?" என்று அவர் கேட்பதில் நியாயமுண்டு.

ஆயினும், தராசுக்கும் விளக்குக்கும் கடை வாடகைக்கும் அவர் நம்மிடம் தனித்தனியே பணம் கேட்பதில்லையே! அட்டை இயந்திரமும் வாடிக்கையாளரை வரவழைக்கும் ஒரு வியாபாரச் செலவுதான்.

அச்செலவை விலையிற் சேர்த்தால் காசு கொடுப்பவரும் அதைச் சுமக்க நேரிடுமென்பது மறுதரப்பு வாதம். 2003 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியா மேலதிகக் கட்டணத்துக்கு இடமளித்தது. பிரித்தானியாவோ 2018 சனவரியில் அதைத் தடைசெய்தது. இந்தியா வேறு வழி கண்டது: 2020 சனவரி முதல் ரூபே பற்று அட்டைக்கு வணிகரிடம் பெறும் கழிவையே நீக்கியது.

நம் நாட்டு நிலை யாது? அட்டையாற் செலுத்துவோரிடம் வர்த்தகர் மேலதிகக் கட்டணம் அறவிடலாகாது. அது அவர் தம் வங்கியோடு செய்த உடன்படிக்கைக்கு மாறானது என்று இலங்கை மத்திய வங்கி அறிவித்திருக்கிறது.

ஆகவே நேயர்களே, அட்டையை நீட்டுமுன் தொகையைக் கேட்டறியுங்கள். மேலதிகம் அறவிட்டால் பற்றுச்சீட்டைப் பெற்று, அட்டை வழங்கிய வங்கியிடம் முறையிடுங்கள். வர்த்தக அன்பர்களே, கழிவு பாரமாயின் நீங்கள் ஒன்றுகூடி வங்கியோடு பேசுங்கள். அந்த வழக்கு உங்களுக்கும் வங்கிக்கும் உரியது. தையல் இயந்திரம் வாங்க வந்த தந்தையின் தலையில் அதைச் சுமத்துவது முறையன்று.